மூன்றாண்டுக்குள் ஓர் ஆய்வேடு

இந்தியாவில் எம்.டி. மனநல மருத்துவம் மூன்றாண்டுப் படிப்பு. ஆய்வேடு எழுதாமல் பட்டம் இல்லை, எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் கற்பிப்பதும் விதிப்படி கடமை. சிகிச்சை பழகும் காலத்திலேயே ஆய்வையும் கற்பித்தலையும் பழக்கும் இந்த நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. செயலில் அது பாதி தூரமே வந்திருக்கிறது.

ஆய்வேடு தரும் பெரும்பயன் அளவீட்டு ஒழுங்கு. ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலைப் பலரிடம் ஒரே சீராகப் பயன்படுத்தியவர், 'நோயாளி தேறிவருகிறார்' என்று போகிறபோக்கில் குறிப்பெழுத மாட்டார். தேறியது தூக்கமா, பசியா, தற்கொலை எண்ணம் குறைந்ததா என்று பிரித்துக் கேட்பார். இந்தக் கூர்மையைப் பாடநூல் தருவதில்லை.

குறை, காலக்கணக்கில் இருக்கிறது. தொடக்கத்திலேயே தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டை ஒப்படைத்துவிட வேண்டும். எஞ்சிய காலத்துக்குள் முடிவது, நோயாளியை ஒருமுறை அளந்து நிறுத்திக்கொள்ளும் குறுக்குவெட்டு ஆய்வுதான். மனச்சிதைவோ வாழ்நாள் நெடுகத் தொடரக்கூடிய நோய். சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக அந்நோய்க்கு ஆளான 90 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வு அவர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. நோயின் போக்கைப் பற்றி நாம் உறுதியாகப் பேச முடிவது அத்தகைய ஆய்வுகளால்தான். அவற்றின் முறையியலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே இன்றைய மாணவருக்கு அரிது. இன்னொரு முரணும் உண்டு. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணி இப்போது கட்டாயம். பாதியில் மருந்தை நிறுத்தியவர்களையும் அவர்களைச் சுமக்கும் குடும்பங்களையும் மாணவர் நெருங்கிப் பார்ப்பது அங்கே. அசலான ஆய்வுக் கேள்வி அங்கே பிறக்கலாம். தலைப்போ அதற்கு முன்பே பதிவாகியிருக்கும்.

கற்பித்தலின் நிலை இன்னும் பலவீனம். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லை. மனநிலைப் பரிசோதனையை நோயாளியின் அருகிருந்து காட்டித்தரும் முதுநிலை மாணவரின் பொறுப்பு அதனாலேயே கூடுகிறது. திரிபு நம்பிக்கை எது, வெறும் பிடிவாதம் எது என்று இளையவருக்குப் பிரித்துக்காட்டுபவர், தம் நோயறிதலையும் செப்பனிட்டுக்கொள்கிறார். ஆனால் எப்படிக் கற்பிப்பது என்று அவருக்கு முறையாகச் சொல்லித் தருவதும், கற்பித்ததை மதிப்பிடுவதும் அரிது.

ஆய்வேட்டுக் கட்டாயம் நீடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் துண்டுத் தலைப்பு என்ற வழக்கம் மாற வேண்டும். ஒரு நோயாளர் தொகுதியைத் துறையே நிலையாகப் பின்தொடரட்டும். அடுத்தடுத்து வரும் மாணவர்கள் அதிலிருந்து தத்தம் கேள்வியை எடுத்து, பகுப்பாய்வைத் தாமே எழுதட்டும். இன்றுள்ள நிலையில் ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்ச்சி மதிப்பெண் தரலாம். கற்பித்தல் பயிற்சிக்கு அதுவும் தர இயலாது.