தொண்ணூற்றொன்பது பூக்களுக்குப் பிறகு வந்தவன்

குறிஞ்சிப்பாட்டு என்றதும் நம் வகுப்பறைகளுக்கு நினைவு வருவது ஓர் எண்: 99 பூக்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம், கபிலரின் தாவர அறிவை வியக்கிறோம். அவற்றைப் பறித்த பெண்கள் யாருக்காகப் பறித்தார்கள் என்று கேட்பதில்லை.

261 அடிகள் கொண்ட இப்பாட்டு, தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாயிடம் எடுத்துரைக்கும் அறத்தொடு நிற்றல். தினைப்புனத்தில் கிளி ஓட்ட அனுப்பப்பட்ட பெண்கள் அருவியில் ஆடுகிறார்கள், மனம்போலப் பாடுகிறார்கள், கண் சிவக்க நீராடிக் கூந்தலைப் பிழிகிறார்கள். செங்காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை எனப் பறித்து, மழை கழுவிய பாறையில் குவிக்கிறார்கள். தழை உடுத்தி, பூச்சூடி, அசோகின் நிழலில் அமர்கிறார்கள்.

இதுவரை தலைவன் வரவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அடிகளில் பூக்களின் பெயர்கள் மட்டுமே. பார்க்க ஆண் இல்லாத இடத்தில் பெண்கள் தங்களை அலங்கரித்துக்கொள்கிறார்கள். தன் உடலோடு இணக்கமாக இருப்பது என்றால் எனக்கு இந்தக் காட்சிதான்.

பிறகு நாய்கள் சூழ அவன் வருகிறான். கூந்தலைப் புகழ்கிறான், வளை, கொப்பூழ், கண் என்று அவன் பேச்சும் ஒரு பட்டியலாகிறது. தோழியின் பட்டியலில் பூக்கள், அவன் பட்டியலில் அவர்கள் உறுப்புகள். நீராடிச் சிவந்த கண் என்று தோழி சொன்னதை அவன் குளிர்ந்த மழைக்கண் என்கிறான். ஒரே கண்தான், ஒன்று அனுபவித்த கண், மற்றது பார்க்கப்பட்ட கண்.

பாடியவர் ஆண், பாட்டின் நோக்கம் திருமணம். இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால், செவிலியை இணங்கவைக்க அவன் வந்த கதை போதும். ஒரு பூவின் பெயரும் தேவையில்லை. வழக்குக்குத் தேவையில்லாத அந்தப் பிற்பகலைத் தோழி விடாமல் சொல்கிறாள். நெய்தலும் தாமரையும் மலைச்சாரலில் எப்படி ஒன்றாகக் கிடைக்கும் என்று கேட்கலாம். தாவரவியலாக அது தவறலாம். பறிபோகவிருக்கும் சுதந்திரத்தின் நினைவாக எனக்கு அது பொருந்துகிறது.

ஏனெனில் அகமரபில் தினை அறுவடையானதும் இற்செறிப்பு. வேலை இருந்ததால் கிடைத்த வெளி, வேலை முடிந்ததும் மூடிக்கொள்கிறது. இன்று மாணவிகளிடம், இயற்கையோடு சற்று நேரம் இரு, உன்னை நீயே ஏற்றுக்கொள்வாய் என்கிறோம். விடுதிக் கதவு மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. வீட்டில் எங்கே போனாய் என்ற கேள்வி காத்திருக்கிறது. அறிவுரைக்கு முன், காரணம் சொல்லாமல் வெளியே இருக்க அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டை நடத்தும்போது அதையும் சேர்த்தே நடத்த வேண்டும்.