விண்வெளி வியூக விளையாட்டைத் தெரியும் முறை

விண்வெளி வியூகக் கணினி விளையாட்டுக்களுள் நல்லதொன்றைத் தெரிய விழைவோர், அதில் எத்தனை விண்மீன்கள் உள என்றே முதற்கண் வினவுகின்றனர். 2016ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டெல்லாரிஸ்’ 1000 விண்மீன்கள் வரை கொண்ட பரப்பினைத் தருகின்றது. ஆயினும், பரப்பு வேறு; வியூகம் வேறு.

1993இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ‘மாஸ்டர் ஒவ் ஓரையன்’ இவ்வேறுபாட்டை நன்கு புலப்படுத்தும். அதில் ஒரு கோளின் ஆக்கவலு முழுவதும் கப்பல், பாதுகாப்பு, கைத்தொழில், சூழல், ஆராய்ச்சி என்னும் ஐந்து துறைகளுக்கே பகிரப்படும். ஒன்றைக் கூட்டின் பிறிதொன்று குறையும். அன்றியும், எல்லாத் தொழினுட்பங்களும் ஒருவர்க்கே கிட்டா. இல்லாதவற்றை அயலரசுகளோடு மாற்றிக்கொள்ளல் வேண்டும். அன்றேல் ஒற்றர் வாயிலாகக் கவர்தல் வேண்டும். இவ்வாறு நட்பும் பகையும் தேவையினின்றே பிறக்கின்றன.

இவ்வகை விளையாட்டுக்களின் பெருங்குறை, வெற்றி உறுதியான பின்னரும் ஆட்டம் நெடிது நீள்வதாகும். ‘ஓரையன்’ இதற்கும் வழி கண்டது: பேரவையில் மூன்றிலிரண்டு பங்கு வாக்குப் பெற்றவர் போரின்றியே வெல்வார். ‘ஸ்டெல்லாரிஸ்’ஸோ பிற்பகுதியிற் பேரிடர்களை எழுப்பி, தளர்ந்த ஆட்டத்துக்கு உயிரூட்ட முயல்கின்றது.

ஆதலின், விளையாட்டைத் தெரிபவர், ஒன்றைப் பெறுதற்கு எதனைத் துறக்குமாறு அது பணிக்கின்றது என முதலில் ஆராய்வாராக.