ஆந்தையின் பகல்: ஷாஷாவின் யதார்த்தமும் அதன் எல்லையும்

சிசிலித் தீவின் சிற்றூரொன்றில், விடியற்காலையில் பலேர்மோ நகருக்குப் புறப்படவிருக்கும் பஸ்ஸின் மிதிபலகையிலே ஒருவன் பாய்ந்தேறுகிறான். இரண்டு வெடிகள் கேட்கின்றன. அவன் சரிந்து விழுகிறான். பஸ் நிறையப் பயணிகள் இருக்கின்றனர். ஆனால், விசாரணை தொடங்குமுன்பே ஒருவர்பின் ஒருவராக இறங்கி மறைந்துவிடுகின்றனர். எஞ்சி நிற்கும் சாரதிக்கும் நடத்துநருக்கும் அவர்களுள் ஒருவரது முகந்தானும் நினைவில்லை. சதுக்கத்தில் நின்று கடலைமாப் பலகாரம் விற்றவனைத் தேடிப்பிடித்து வந்து வினவினால், இங்கே வெடிச்சத்தமா கேட்டது என்று அவன் திருப்பிக் கேட்கிறான்.

லெயனார்தோ ஷாஷா 1961 இல் வெளியிட்ட 'ஆந்தையின் பகல்' என்னும் சிறு நாவல் இவ்வாறு தொடங்குகின்றது. ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றிலிருந்து பெறப்பட்ட தலைப்பு இது. இரவிலே திரிய வேண்டிய பறவை பட்டப்பகலில் வெளிவந்துவிட்டது என்பது அதன் குறிப்பு. 1963 இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மாபியாவின் பழிவாங்கலைச் சுட்டும் வேறொரு தலைப்பு இடப்பட்டது. புத்தக வியாபாரத்துக்கு ஆந்தை உதவாது போலும்! அத்தலைப்பைக் கண்டு மலிவான துப்பறியும் கதையென இதனை ஒதுக்கியவரைக் குறைகூற முடியாது. ஆயினும் குற்றவாளி யார் என்ற வினா இந்நாவலில் பாதிவழியிலேயே தீர்ந்துவிடுகின்றது. அவன் ஏன் தண்டிக்கப்படுவதில்லை என்பதே ஷாஷா எழுப்பும் வினா.

ஷாஷா கந்தகச் சுரங்கப் பிரதேசமான ரக்கல்முத்தோவில் 1921 இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் சிறுவயதிலேயே சுரங்கத்திற் கூலியாக இறங்கியவர். ஷாஷாவோ அவ்வூர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியராகப் பணியாற்றினார். பசியோடு வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புக்கள், 1956 இல் வெளிவந்த அவரது முதல் முக்கிய நூலில் இடம்பெற்றுள்ளன. வறுமை என்பது விதியன்று, அது யாரோ சிலரது இலாபக் கணக்கின் மறுபக்கம் என்ற தெளிவை அவர் கற்பித்த வகுப்பறையே அவருக்குக் கற்பித்தது எனலாம்.

அத்தெளிவுதான் நாவலின் முதுகெலும்பு. கொலையுண்ட கொலஸ்பேர்னா ஒரு சிறு கட்டட ஒப்பந்தக்காரர். பொதுவேலை ஒப்பந்தங்களைப் பங்கிட்டுக்கொண்டு, 'பாதுகாப்பு' என்ற பெயரிற் கப்பம் பெறும் கூட்டத்துக்கு அவர் பணியவில்லை. வழக்கை விசாரிக்க வருபவர் வடபுலத்துப் பார்மா நகரத்தவரான கப்டன் பெல்லோடி. பாசிசத்துக்கு எதிரான போராட்டத்திற் பங்குகொண்டவர். கொலைகாரனையும், அவனுக்குப் பின்னால் நிற்கும் தொன் மரியானோ அரேனாவையும் அவர் கைது செய்கின்றார். அத்தியாயங்களுக்கிடையே பெயர் சுட்டப்படாத குரல்கள் சில ரோமாபுரியிலிருந்து பேசிக்கொள்கின்றன. அக்குரல்களுக்கு முகமில்லை, பதவி மாத்திரமே உண்டு. இந்த உத்தி வெறும் அலங்காரமன்று. அரசியலுக்கும் கொலைக்குமிடையிலுள்ள தொடர்பு எப்போதும் தொலைபேசியின் மறுமுனையிலேயே இருக்கும் என்ற உண்மைக்கு ஷாஷா கண்ட வடிவம் அது. பாராளுமன்றத்தில் மாபியா என்று ஒன்று இல்லையென அரசாங்கத் தரப்பு மறுத்துரைக்க, பார்வையாளர் மாடத்திலே மாபியாக்காரர் இருவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியும் இவ்வகையினதே. இது மிகைக் கற்பனையன்று. மாபியாவைப் பற்றிய பாராளுமன்ற விசாரணைக் குழுவுக்கான சட்டமே இந்நாவல் வெளிவந்தபின், 1962 டிசம்பரிலேதான் நிறைவேறியது.

தொன் மரியானோ மனிதரை ஐந்து தரமாகப் பிரித்துக் காட்டி, கப்டனை 'மனிதர்' என்ற முதற்றரத்தில் வைத்துப் பாராட்டும் பகுதியையே இந்நாவலின் உச்சமாகப் பலர் கொண்டாடுவர். என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை. அக்காட்சியில் கொள்ளையனும் காவலனும் ஒருவரையொருவர் மதிக்கும் ஒருவகை வீரயுகக் கவர்ச்சி புகுந்துவிடுகின்றது. நாவலின் உண்மையான உச்சம் அதற்குச் சற்று முன்னரே வருகின்றது. சாட்சிகள் வாய்திறவாமையைக் கண்டு சலித்த பெல்லோடி, சட்டப் பாதுகாப்புகளைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தால் என்னவென்று ஒருகணம் எண்ணுகின்றார். உடனே முசோலினியின் ஆட்சியிற் சிசிலிக்கு அனுப்பப்பட்ட மோரியின் அடக்குமுறை அவர் நினைவுக்கு வருகின்றது. அவ்வழி பாசிசத்தின் வழி எனத் தள்ளிவிடுகின்றார். பின்னர் அவர் சிந்தனை வேறொரு திசையிற் செல்கின்றது. வங்கிகளுக்குட் புகவேண்டும், பெரிய, சிறிய நிறுவனங்களின் கணக்கேடுகளைப் புரட்டவேண்டும், உத்தியோகத்தர் சிலரின் சம்பளத்தையும் சொத்தையும் ஒப்பிடவேண்டும். சாட்சி ஊமையாகலாம், கணக்கேடு ஊமையன்று. இப்பகுதியே இந்நாவலை ஏனைய குற்றக்கதைகளினின்றும் பிரித்துவைக்கின்றது.

பத்தொன்பது ஆண்டுகளின் பின் அது பலேர்மோவில் நடந்தது. இத்தாலியில் வழக்குத்தொடுநரும் நீதிபதியும் ஒரே நீதித்துறைச் சேவையைச் சேர்ந்தவர்கள். 1989 வரை, குற்றத்தைப் புலனாய்ந்து வழக்கை உருவாக்கும் பொறுப்பு விசாரணை நீதிபதியிடமும் இருந்தது. அத்தகைய நீதிபதியான ஜொவான்னி பல்கோனே, ஸ்பாத்தொலா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் சம்பந்தப்பட்ட போதைப்பொருள் வழக்கை 1980 இற் பொறுப்பேற்றபோது, பலேர்மோ மாகாண வங்கிகள் அனைத்திடமும் 1975 முதலான அந்நியச் செலாவணி மாற்றுப் பற்றுச்சீட்டுக்களைக் கோரினார். காசோலைகளைத் தானே அமர்ந்து ஒப்புநோக்கினார். கற்பனைக் கப்டனுக்கு எண்ணமாக மாத்திரம் இருந்தது இங்கே நடைமுறையாயிற்று. கம்யூனிஸ்ட் தலைவரான பியோ லா தொர்ரே முன்வைத்த, மாபியாச் சொத்துக்களைப் பறிமுதல் செய்யும் சட்டமும் 1982 செப்டெம்பரில் நிறைவேறியது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. ஏப்பிரலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அவ்வழியிற் சென்ற நீதித்துறையினர் கொடுத்த விலை பெரிது. 1979 இல் தெர்ரனோவா, 1980 இற் கொஸ்தா, 1983 இற் கின்னீச்சி எனக் கொலைகள் தொடர்ந்தன. 1985 இல் பல்கோனேயையும் பவ்லோ பொர்செல்லீனோவையும் பாதுகாப்புக்காக அசினாரா என்னும் சிறைத்தீவிற் குடும்பங்களோடு தங்கவைத்தனர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட குற்றப்பத்திரத்தை ஆக்கும் பணி அங்கேயும் தொடர்ந்தது. அங்கிருந்த நாட்களுக்கான தங்குசெலவை அரசு பின்னர் அவர்களிடமே அறவிட்டது! 1986 பெப்ரவரியில் 475 பேருக்கு எதிராகத் தொடங்கிய பெருவழக்கு, 1987 டிசம்பரில் 19 ஆயுட்டண்டனைகளோடு முடிந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1987 ஜனவரி 10 ஆம் திகதி 'கொரியரே தெல்லா சேரா'வில் ஷாஷாவின் கட்டுரையொன்று வெளியாயிற்று. மாபியா எதிர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் என்பது தலைப்பு. மோரியின் காலத்தைப் பற்றிய வரலாற்று நூலொன்றை முன்வைத்துத் தொடங்கும் அக்கட்டுரை, மாபியா எதிர்ப்பு ஜனநாயகத்திலும் அதிகாரத்தின் கருவியாகலாம் என வாதிட்டது. முடிவிற் பொர்செல்லீனோவின் பெயரைச் சுட்டியது. சேவைமூப்பில் உயர்ந்தவர்களைத் தாண்டி மர்சாலா நகரத் தலைமை வழக்குத்தொடுநராக அவர் நியமனம் பெற்றதை எடுத்துக்காட்டி, சிசிலியில் நீதித்துறையில் முன்னேற மாபியா வழக்குகளைப் போல உதவுவது வேறில்லை என்று முடித்தது.

முப்பதாண்டுகளாக மாபியாவை அம்பலப்படுத்திய பேனாவா இவ்வாறு எழுதியது? மூப்படைந்த எழுத்தாளரின் தடுமாற்றம் என்று சிலர் சமாதானம் கூறுவர். அது மேலோட்டமான விளக்கம். ஷாஷாவின் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. குற்றவாளிகளின் வாக்குமூலத்தை நம்பிச் சிறையிடப்பட்டு, 1986 இல் மேன்முறையீட்டில் விடுதலையான தொலைக்காட்சி அறிவிப்பாளர் தொர்த்தோராவுக்காக வாதாடியவர் அவர். விசேட அதிகாரம் எந்தப் பெயரில் வந்தாலும் அதனைச் சந்தேகிப்பவர். 1979 இல் தற்காலிகம் என்று கூறிக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அறிந்த நம் நாட்டு வாசகர் இந்தச் சந்தேகத்தை அலட்சியம் செய்யமாட்டார். ஆனால் பொர்செல்லீனோ மோரி அல்லர். மோரி சட்டத்தை மிதித்துச் சிறிய மீன்களைப் பிடித்தார். பொர்செல்லீனோவும் தோழர்களும் சட்டத்துக்குள் நின்று, வங்கிக் கணக்கைத் தொடர்ந்து, பெரிய மீன்களிடம் சென்றவர்கள். தன் நாவலின் கதாநாயகனே உயிரோடு எதிரில் வந்தபோது ஷாஷா அவனை அடையாளம் காணவில்லை!

இதன் வேரை நாவலிலேயே தேடவேண்டும். 1947 ஜனவரியிற் சியாக்கா நகரிற் கொல்லப்பட்ட அக்கூர்சியோ மிராலியா என்பவரது கொலையே இந்நாவலுக்குத் தூண்டுதல். மிராலியா கம்யூனிஸ்ட் தொழிற்சங்கவாதி. நிலமற்ற விவசாயிகளைத் திரட்டியவர். அவ்வாண்டு மே முதலாந் திகதி போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவிற் கூடியிருந்த உழைப்பாளர்மீது சூடு நடத்தப்பட்டுப் பதினொருவர் மாண்டனர். சிசிலியில் மாபியாவை முதலில் எதிர்த்து நின்றவர்கள் இவர்களே. நாவலிலோ தொழிற்சங்கவாதி ஒப்பந்தக்காரராக மாறிவிட்டார். அவரோடு விவசாயச் சங்கமும் நிலப் போராட்டமும் மறைந்துவிட்டன. எஞ்சியவை பஸ்ஸிலிருந்து இறங்கி மறையும் முகமற்ற கூட்டமும், வடக்கிலிருந்து வந்த நேர்மையான அதிகாரி ஒருவரும். வழக்கு மேலிடத்துச் செல்வாக்கால் உடைந்து, கொலை வெறும் கள்ளக்காதல் விவகாரமாகத் திரிக்கப்பட்டபின், பார்மாவில் விடுமுறையிலிருக்கும் பெல்லோடி, தலை உடைந்தாலும் சிசிலிக்கே திரும்புவதென உறுதிகொள்கிறார். அந்த உறுதி நம்மை நெகிழவைக்கின்றது. ஆனால் அவரோடு திரும்ப ஒருவருமில்லை.

1971 இல் வந்த 'சூழமைவு' என்ற நாவலில் இத்தனிமை இன்னும் இறுகுகின்றது. நீதிபதிகள் வரிசையாகக் கொல்லப்படும் நாடொன்றில் உண்மையைக் கண்டறியும் அதிகாரி ரோகஸ் மாள்கின்றார்; புரட்சிக் கட்சியே அரச நலன் கருதி உண்மையை மறைக்க உடன்படுகின்றது. இத்தாலியக் கம்யூனிஸ்டுகள் இதற்காக ஷாஷாவைக் கடிந்தனர். கசப்பாயினும் அவர்கள் கேட்டிருக்கவேண்டிய விமர்சனம் அது என்பதே என் கருத்து. எனினும், நேர்மை எங்கும் தனிமனிதனின் சொத்தாகவே இருக்கும் என்று நம்பிய எழுத்தாளர், பலர் சேர்ந்து ஒரு குழுவாக உழைத்து வெல்லத் தொடங்கியதும் அதற்குள் பதவியாசையைத் தேடியது தற்செயலன்று.

1988 ஜனவரியில், பலேர்மோ விசாரணை நீதிபதிகளின் தலைமைக்குப் பல்கோனே வரவேண்டிய வேளையில், நீதித்துறை உயர்சபை அதே சேவைமூப்பைக் காட்டி வேறொருவரை நியமித்தது. ஷாஷா 1989 நவம்பரிற் காலமானார். 1992 மே 23 இல் பல்கோனேயும் அவர் மனைவியும் மெய்க்காவலர் மூவரும் கபாச்சி நெடுஞ்சாலையில் குண்டுக்கு இரையாயினர். ஜூன் 25 இற் பலேர்மோவிற் கூடிய மக்கள் முன் பேசிய பொர்செல்லீனோ, தன் நண்பன் 1988 ஜனவரியிலேயே, ஒருவேளை அதற்கு முந்திய ஆண்டு ஷாஷாவின் அக்கட்டுரையோடேயே, சாகத் தொடங்கினான் என்றார். இருபத்து நான்கு நாட்களின் பின் அவரும் மெய்க்காவலர் ஐவரும் கொல்லப்பட்டனர்.

அம்மெய்க்காவலரின் இறுதிச் சடங்கு ஜூலை 21 இற் பலேர்மோப் பேராலயத்தில் நடைபெற்றபோது, வெளியே தடுத்து நிறுத்தப்பட்ட மக்கள் பொலிஸ் அணியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, ஆட்சியாளரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்டனர். அக்கோடையில் நகரத்துப் பெண்கள் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளில் எதிர்ப்புவாசகங்களை எழுதித் தங்கள் மாடங்களிலே தொங்கவிட்டனர். பஸ்ஸிலிருந்து இறங்கி மறைந்துபோனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அவர்களிடையே இருந்திருப்பார்கள். ஷாஷாவின் நாவல்களில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.