நதிமூலம் தேடிய இரண்டு நூல்கள்

"நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது" என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் கையில் எப்போதும் தயாராக இருக்கும் பழமொழி. குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு மேலே போய் யாராவது ஏதாவது கேட்டால் போதும், இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் சொந்த ஊரை விட்டு வந்து வெளி மாநிலத்தில் வேர் பிடித்த குடும்பங்களில் பிள்ளைகள் இந்தத் தடைக்குக் கட்டுப்படுவதாக இல்லை. "நாம ஏன் இங்க வந்தோம்? முதல்ல வந்தது யாரு? அதுக்கு முன்னால எங்க இருந்தோம்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்ததை எப்படி எழுதுவது, கிடைக்காததை என்ன செய்வது என்பவற்றில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள இரண்டு நூல்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-ல் வெளியிட்ட 'ரூட்ஸ்'. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் சுருக்கமாக வந்து பல பதிப்புகள் கண்டது. நம்மில் பலர் இளமையில் படித்து உறக்கம் கெட்ட நூல். மற்றொன்று, கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர் 2013-ல் வெளியிட்ட 'கூலி வுமன்'. இரண்டுமே காலனி நாட்டுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட ஒரு முன்னோரைத் தேடிய கதைகள். ஆனால் தேடிய விதத்தில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள் எனலாம்.

பாட்டி சொன்ன நாலு வார்த்தை

ஹேலி வளர்ந்தது டென்னசி மாநிலத்தில் ஹென்னிங் என்ற சிற்றூரில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியும் உறவுக்காரப் பெண்களும் குடும்பக் கதை பேசுவார்கள். கதையின் தொடக்கத்தில் "ஆப்பிரிக்கன்" என்று ஒருவர் வருவார். தன் பேர் 'கிண்டே' என்பார். ஆற்றைக் காட்டி 'காம்பி பொலோங்கோ' என்பார். நரம்புக் கருவியைப் பார்த்தால் 'கோ' என்பார். முரசு செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டு, கடல் தாண்டி 'நாப்ளிஸ்' என்ற ஊரில் இறக்கப்பட்டவர். ஓடிப்போக முயன்றதற்காகப் பாதம் துண்டிக்கப்பட்டவர். இதுதான் ஹேலிக்குக் கிடைத்த முதல். அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். ஆப்பிரிக்க வாய்மொழி வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற யான் வான்சினா, அந்தச் சொற்கள் மாண்டிங்கா மொழியாக இருக்கலாம், 'காம்பி பொலோங்கோ' காம்பியா ஆறாக இருக்கலாம் என்றார். 1967-ல் ஹேலி காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் கிண்டே குலத்தின் வரலாற்றை ஒப்பித்தபோது, விறகு வெட்டப் போய்த் திரும்பாத குண்டா என்ற இளைஞனின் பேர் வந்தது. பிறகு கப்பல் பதிவுகளில் தேடி, 1767 ஜூலையில் காம்பியாவிலிருந்து புறப்பட்டு செப்டம்பர் 29-ல் அன்னபோலிஸ் துறைமுகத்தை அடைந்த 'லார்ட் லிகோனியர்' என்ற கப்பலைப் பிடித்தார். ஏற்றியது 140 பேர், உயிரோடு இறங்கியது 98 பேர். அடுத்த ஆண்டுப் பத்திரம் ஒன்றில் ஜான் வாலர் தன் சகோதரருக்கு மாற்றிக் கொடுத்த சொத்துக்களில் 'டோபி' என்ற அடிமையின் பேரும் இருந்தது. டோபிதான் குண்டா கிண்டே என்று முடிவு கட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, நூல் படிப்பவரைப் பிடித்து உலுக்கிவிடும். 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அமெரிக்காவே எட்டு இரவு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதே ஆண்டு புலிட்சர் குழு சிறப்பு விருது கொடுத்தது. வெள்ளையர், கறுப்பர் எல்லோரும் தங்கள் முன்னோரைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்கு ஓடினார்கள். படியாள், பண்ணையாள் என்று சொந்த மண்ணிலேயே பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்த மனிதர்களைப் பார்த்த தமிழ் வாசகனுக்கும் இந்தக் கதை அந்நியமாகப் படவில்லை.

முடிச்சு அவிழ்ந்த இடம்

ஆனால் அதே 1977-ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழின் மார்க் ஒட்டவே ஜுஃபுரேவுக்குப் போய் விசாரித்தார். வரலாறு ஒப்பித்த முதியவர் மரபுவழிப் பயிற்சி பெற்ற கதைசொல்லி இல்லை, விருந்தாளி எதைத் தேடி வருகிறார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று எழுதினார். 1978-ல் இன்னொரு அடி. 1967-ல் வந்த 'தி ஆப்பிரிக்கன்' என்ற நாவலின் பகுதிகள் 'ரூட்ஸ்'-இல் இருப்பதாக அதன் ஆசிரியர் ஹெரால்ட் கோர்லாண்டர் தொடுத்த வழக்கை, ஹேலி 6,50,000 டாலர் கொடுத்துச் சமரசமாக முடிக்க வேண்டி வந்தது.

இவற்றைவிடக் கடுமையானது 1981-ல் வந்தது. கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வர்ஜீனியாவின் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். வாலர் குடும்பத்தின் டோபி, அந்தக் கப்பல் கரை சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே வர்ஜீனியாப் பதிவுகளில் இருக்கிறார்! அப்படியானால் டோபி குண்டாவாக இருக்க முடியாது. பாட்டியின் கதைக்கும் ஜுஃபுரே கதைக்கும் நடுவில் ஹேலி போட்ட முடிச்சு அங்கே அவிழ்ந்துவிட்டது.

"அதனாலென்ன, அடிமைமுறை நடந்தது உண்மைதானே, கப்பலில் செத்தது உண்மைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹேலியே தன் நூலை உண்மையும் புனைவும் கலந்தது என்றுதான் சொன்னார். அடிமைகளை ஆடுமாடுகளோடு சேர்த்துச் சொத்துப் பட்டியலில் எழுதிய நாட்டில், அவர்களின் பேரன் வேறு என்ன ஆவணத்தைக் காட்ட முடியும்? அவர் பக்கத்து நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

நமது குறை வேறு. டோபி என்று ஒரு மனிதர் உண்மையில் இருந்தார். எங்கோ பிறந்தார், வாலர் பண்ணையில் உழைத்தார், அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. ஹேலி அவருக்குக் குண்டா என்று பேர் சூட்டியதும் அந்த மனிதர் காணாமல் போனார். எஜமானன் அவர் பேரைத்தான் மாற்றியிருப்பான். பேரப்பிள்ளையின் நூல் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அதைப்போலவே லார்ட் லிகோனியரில் வந்த 98 பேருக்கும் சொந்தப் பேர் இருந்தது. ஒரு குண்டாவுக்காக அவர்கள் எல்லோரும் கூட்டமாகிப் போனார்கள்.

நம் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி என்று ஒரு பகுதி உண்டு. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வருவது. மன்னனின் வெற்றியெல்லாம் அதில் இருக்கும். தோல்வி இருக்காது. 'ரூட்ஸ்' அரசனுக்குப் பதில் அடிமையைப் பாடிய மெய்க்கீர்த்தி. அதனால் அது வேண்டியிருந்தது. ஆனால் மெய்க்கீர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது.

கயானா போன கொள்ளுப்பாட்டி

அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை அப்படித்தான் வந்தது. 1838-ல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல்கள் பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தன. 1917 வரை அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2,39,000 பேர் போனார்கள். கொல்கத்தாவில் கிடர்ப்பூர் பக்கம் ஹூக்ளிக் கரையில் அவர்களுக்கு 2011-ல் நினைவுக் கல் வைக்கப்பட்டது.

அவர்களில் ஒருத்தி சுஜாரியா. பீகார்க்காரி. 1903-ல் 'கிளைட்' என்ற கப்பலில் ஏறினாள். வயது 27, சாதி பிராமணர் என்கிறது அவளுடைய அனுமதிச் சீட்டு. கர்ப்பிணி. கூடக் கணவன் இல்லை. குழந்தை நடுக்கடலில் பிறந்தது. அந்தக் குழந்தைதான் கயூத்ரா பகதூரின் தாத்தா.

ஹேலிக்குக் கிடைத்ததைவிட இவருக்குக் கிடைத்த காகிதம் அதிகம். ஆனால் அந்தக் காகிதத்தை எழுதியது யாருக்காக? ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் உடலில் உள்ள தழும்பு வரை குறித்தார்கள். அவள் ஏன் கிளம்பினாள், குழந்தையின் தகப்பன் யார் என்பதெல்லாம் தோட்ட முதலாளிக்குத் தேவையில்லாத விவரம். ஆகவே சீட்டில் இல்லை.

இந்த இடத்தில்தான் பகதூர் ஹேலியிடமிருந்து பிரிகிறார். விதவையா? புகுந்த வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடி வந்தவளா? கைவிடப்பட்டவளா? யாத்திரை வந்த இடத்தில் ஆள்பிடிக்கும் 'அர்க்காட்டி'யிடம் சிக்கினாளா? தெரிந்தேதான் கப்பல் ஏறினாளா? கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறார். பதில் எழுதவில்லை. பீகாருக்கு நேரில் போய்த் தேடுகிறார், காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் உட்காருகிறார். ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு சான்று உண்டு என்று காட்டிவிட்டு, தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடுகிறார். கணவன் பேர் இல்லாத கர்ப்பிணிக்கு ஒரு கௌரவமான கதையைக் கட்டிவிடுவது பேத்திக்குப் பெரிய காரியமா? செய்யவில்லை. இந்த நூலின் பெரிய நேர்மை இதுதான்.

அதனால் இன்னொரு லாபமும் கிடைத்தது. சுஜாரியாவைப் பற்றித் தெரியாத இடங்களில் அவளைப் போன்ற மற்றப் பெண்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவருகிறார். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது அரசு விதித்த கணக்கு. பெண் குறைவு என்பதால் தோட்டத்தில் அவளுக்கு ஊரில் கிடைக்காத சுதந்திரம் கொஞ்சம் கிடைத்தது, துணையைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தது. அதே காரணத்தால் சந்தேகத்திலும் பொறாமையிலும் வெட்டுக்கத்தியால் கொல்லப்பட்டவர்களும் பெண்களே. இந்த இரண்டு பக்கத்தையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். பாரதி ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதான். அந்த அழுகைக்கு அடுத்த பக்கத்தை, அந்தப் பெண்ணின் ஆசையையும் பிடிவாதத்தையும், இந்த நூலில் பார்க்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. கேள்வி அடுக்கும் முறை சில இடங்களில் பழக்கமாகிப் போய் அலுப்புத் தருகிறது. நடுவில் பல அத்தியாயங்களில் சுஜாரியா கண்ணிலேயே படுவதில்லை. கவனம் பெரும்பாலும் கல்கத்தா வழி போனவர்கள் மீதே இருப்பதால், சென்னைத் துறைமுகம் வழி போன 'மதராஸி'களைத் தேடும் தமிழ் வாசகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என்றாலும் முன்னோரைத் தேடுபவருக்கு 'ரூட்ஸ்' ஆசையைத் தரும், 'கூலி வுமன்' வழியைக் காட்டும் என்பேன்.

நமக்கு என்ன?

"நாம என்ன அடிமையாவா வந்தோம், கூலியாவா வந்தோம்? ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தோம்" என்று சிலர் நினைக்கலாம். எல்லோரும் அப்படி வரவில்லை என்பது ஒரு பக்கம். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டால் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களின் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஊர் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் கவுண்டர் 'கவெண்டர்' ஆகிப் போனாலும் நூல் பிடித்துப் போக ஒரு முனை உண்டு.

பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ரயிலேறி வந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலும் கிடையாது. டிக்கெட்டில் பேர் எழுதாத காலம். நமக்குக் குடும்பப் பேரும் இல்லை. தகப்பன் பேர் முதலெழுத்தாகச் சுருங்கி அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். திதி கொடுக்கிற வீட்டில் மூன்று தலைமுறைப் பேர் சொல்வார்கள், நாலாவது பேர் அதோடு போச்சு. காகிதம் குறையக் குறையக் கதை பெருகும். "எங்க கொள்ளுத்தாத்தா பெரிய மிராசு, வெள்ளைக்கார துரையே எழுந்து நிப்பான்" என்கிற கதை எத்தனை வீட்டில்! கடன்பட்டு ஊரைவிட்டு வந்தவரையும், சாதிக் கொடுமைக்குத் தப்பி வந்தவரையும், சொத்துச் சண்டையில் விரட்டப்பட்டவரையும் மிராசுதார் ஆக்கிவிட்டால், அவர்கள் பட்ட பாடு யாருக்கும் தெரியாமல் போய்விடும். டோபிக்கு நேர்ந்தது அதுதான்.

ஆகவே குடும்ப வரலாறு எழுத உட்காரும் அன்பர்களுக்கு ஒரு சிறு யோசனை. நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் காகிதத்தில் உள்ளது: பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய கடிதம். இரண்டாவதில் பெரியவர்கள் சொன்னது, சொன்னவர் பேரோடு. பாட்டிமாரின் பிறந்த ஊரும் பேரும் தவறாமல் கேளுங்கள். தாத்தா பேர் முதலெழுத்தாகவாவது மிஞ்சும், பாட்டி பேர் அதுவும் மிஞ்சாது. மூன்றாவது பத்தி தெரியாதது. அதை நிரப்ப அவசரப்பட வேண்டாம். என்றாவது ஒரு பேத்தி ஒரு பழைய கடிதத்தோடு வந்து அந்த இடத்தில் எழுதுவாள்.