பழனி மலையடிவாரத்துப் படைகள்: எதிரியின் ஏட்டில் ஒரு வரலாறு

பழைய ஸ்பார்ட்டாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஸ்பார்ட்டாக்காரர் எழுதியது அல்ல. ஹெரோடோட்டஸ் ஆசியக் கரையோரத்து ஊர்க்காரர். துசிடிடிஸ் எதிரி நகரமான ஏதென்சின் தளபதி. செனபோன் ஸ்பார்ட்டாவின் மேல் மையல் கொண்ட ஏதென்சுக்காரர். புளூடார்க் பல நூற்றாண்டு கழித்து வந்தவர். பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா ஒல்லியே 1933இல் இந்தப் பிம்பத்தைக் கானல் என்றே அழைத்தார். பழனி மலையைச் சுற்றியிருந்த பாளையங்களின் படை வரலாற்றைப் படிக்கிறவருக்கும் இதே சிக்கல்தான். வில்லும் வேலும் ஏந்தியவர்களின் குரல் அதில் மிகக் குறைவு. அவர்களை எதிர்த்து வந்தவர்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது மிகப் பழையது. மலைக்குத் தெற்கே, வைகைப் பள்ளத்தாக்கில் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. மன்னனின் புகழ் இல்லை, படைக் கணக்கு இல்லை. மாடு கவரும் சண்டையில் செத்தவனுக்கு அவனைச் சேர்ந்தவர்களே வைத்த கல். இந்த வட்டாரத்தின் படை வரலாற்றில் இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அங்கிருந்து நாயக்கர் காலத்துக்கு வந்தால் எழுத்து பெருகுகிறது, நம்பகம் குறைகிறது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. மலையின் வடக்கு, கிழக்கு அடிவாரத்தில் பழனி, ஆயக்குடி, விருப்பாச்சி, கன்னிவாடி, தெற்கே போடிநாயக்கனூர். மலைக்கு ஏறும் வழிகளும் கொங்குக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட சாலையும் இந்தப் பாளையக்காரர்களின் காவலில் இருந்தன. ஸ்பார்ட்டாவில் நிலத்தை ஹெலட் என்னும் அடிமைக்குடி உழுதது. குடிமகன் வாழ்நாள் முழுக்கப் போர்ப் பயிற்சியில் இருந்தான். பாளையத்தில் அப்படி இல்லை. சேவகத்துக்கு ஊதியமாக மானிய நிலம் கிடைத்தது. ஓலை வந்தால் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். கும்பினிக்காரர் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) இந்தப் படையை ஒழுங்கற்ற கூட்டம் என்று ஏளனம் செய்ததற்கும், அதை முழுவதுமாக அழிக்க முடியாமல் திணறியதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தோற்ற படை ஊருக்குள் கரைந்துவிடும்.

ஆங்கிலேயர் எழுத்துகளில் ராபர்ட் ஓர்ம், மார்க் வில்க்ஸ், ஜேம்ஸ் வெல்ஷ் மூவரும் முக்கியமானவர்கள். தென்னாட்டுக் கள்ளர் படையினர் 18 அடி நீள ஈட்டி ஏந்தியதை ஓர்ம் குறிக்கிறார். வில்க்ஸ் தரும் கதை வேறு வகை. 1755இல் திண்டுக்கல்லுக்கு மைசூரின் பவுசுதாராக (படை அதிகாரியாக) வந்த ஹைதர் அலி, அடிவாரத்துப் பாளையக்காரர்களோடு மோதினார். காயம்பட்டவர்களுக்கு மைசூர் அரசு படி கொடுத்தது. உண்மையில் காயம்பட்டவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர்தான். ஹைதரோ எழுநூறு பேருக்கு மஞ்சள் தோய்த்த கட்டுப் போட்டு, கணக்குப் பார்க்க வந்த அதிகாரியின் முன் நிறுத்தினாராம். வில்க்ஸ் ஹைதரின் எதிரித் தரப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் இந்தப் போர்களைப் பற்றிய எந்த எண்ணிக்கையைப் படித்தாலும் எனக்கு அந்த மஞ்சள் கட்டுகள் நினைவுக்கு வருகின்றன.

வெல்ஷ் இவர்களில் தனி ரகம். சிவகங்கையின் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் வீசக் கற்றுக்கொண்டவர், 1801இல் அதே மருதுவுக்கு எதிராகப் படையில் வந்தார். பழகியவனின் வாஞ்சையும் வென்றவனின் பெருமிதமும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கின்றன.

பாளையக்காரர் தரப்பில் எஞ்சியிருப்பவை வம்சாவளிகள். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இருந்த இவற்றைச் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அச்சிட்டிருக்கிறது. நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட நூலில் இவ்வகை ஏடுகளைச் சான்றாக நிறுத்திக் காட்டிய பிறகுதான் கல்விப்புலம் இவற்றைக் கட்டுக்கதை என்று ஒதுக்காமல் படிக்கத் தொடங்கியது. ஆயினும் இவற்றில் பல, கும்பினியை எதிர்த்த பாளையக்காரர் கலகம் அடங்கிய பிறகு, கும்பினி ஆட்சியின் நிழலில் தொகுக்கப்பட்டவை. முன்னோர் புலியைக் கொன்றதும் விஜயநகர ராயரிடம் விருது பெற்றதும் விரிவாக வரும். அண்மையில் நடந்த கலகத்தைப் பற்றி அவ்வளவு விரிவை எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கலகத்துக்கு வருவோம். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் அவர் மனைவி வேலு நாச்சியார் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் அங்கே எட்டாண்டு தங்கினார். ஹைதரிடம் 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டு அவருடைய அமைச்சர் தாண்டவராய பிள்ளை எழுதிய கடிதம் புகழ்பெற்றது. கேட்ட எண்ணிக்கை, பிற்காலத்து நூல்கள் பலவற்றில் வந்து சேர்ந்த எண்ணிக்கையாக மாறிவிட்டது. 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை மைசூரிடமிருந்து கும்பினிக்குப் போனது. கோபால நாயக்கர் அக்கம்பக்கத்துப் பாளையங்களைச் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதற்கடுத்த ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடிய தலைவர்கள், ஜூன் மாதம் கோவைக் கோட்டையைத் தாக்க முடிவெடுத்தார்கள். தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1801இல் கர்னல் இன்னஸின் படை விருப்பாச்சியைப் பிடித்தது. கோபால நாயக்கரும் தூக்குமேடைக்குப் போனார். அவ்வாண்டு இறுதியில் கட்டபொம்மனின் தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் வத்தலக்குண்டுப் பக்கம்தான் சிக்கினார்கள். சிவகங்கை விழுந்தபின் அவர்கள் ஓடி வந்தது இந்த மலையை நோக்கி.

இவை அனைத்தையும் ஒரே போராகப் பார்க்க வைத்தவர் கே. ராஜய்யன். 1971இல் வந்த அவருடைய தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல், மலபார், மைசூர், திண்டுக்கல், சிவகங்கை ஆகியவற்றுக்கு இடையே ஓடிய தூதுகளை ஆவணங்களிலிருந்து கோத்துக் காட்டியது. அதை முதல் சுதந்திரப் போர் என்று அவர் அழைத்தது விவாதத்துக்குரியது. தேசம் என்ற இருபதாம் நூற்றாண்டுக் கருத்தைப் பின்னோக்கிப் பூசுகிறார் என்ற எண்ணம் எனக்கு உண்டு. கூட்டணியைப் பற்றிய அவர் வாதம் மட்டும் அசையவில்லை.

பொதுமனத்தில் நின்றதோ கூட்டணி அல்ல. 1959இல் வந்த கட்டபொம்மன் திரைப்படத்துக்குப் பிறகு பாளையக்காரர் என்றால் பாஞ்சாலங்குறிச்சிதான். தெர்மாப்பிலையில் 300 ஸ்பார்ட்டர்களோடு கடைசிவரை நின்று மடிந்த 700 தெஸ்பியர்களை உலகம் மறந்ததும் இவ்வகைதான். தனித்து நின்று சாகும் வீரன் பாட்டுக்கும் படத்துக்கும் ஏற்றவன். தூது அனுப்பி, தஞ்சம் கொடுத்து, ஆள் திரட்டிய விருப்பாச்சிக்காரருக்கு அண்மையில்தான் மணிமண்டபம் வந்தது.

இந்தத் துறையில் பெரிய குறை, மலையே எழுத்தில் இல்லாததுதான். கலகம் அடங்கி இருபது ஆண்டில், 1821இல், லெப்டினன்ட் பி.எஸ். வார்டு வெள்ளகவி வழியாக ஏறிக் கோடைக்கானல் மேட்டை அளந்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டினார்கள். கோடைக்கானல் வரலாறு என்று விற்கும் நூல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் மேல்மலையில் குன்னுவர் ஊர்கள் அதற்கு முன்பே இருந்தன. அடிவாரத்துப் பாளையங்களோடு அவர்களுக்கு உறவும் வரியும் இருந்தன. எந்தப் பாதையில் தானியம் ஏறியது, ஓடிவந்தவர்களை எந்த ஊர் ஒளித்தது என்பதை வார்டின் அளவைக் குறிப்போடும் திண்டுக்கல் வருவாய் ஆவணங்களோடும் வைத்து, மலையில் நடந்தே ஒருவர் சரிபார்க்கலாம். விருப்பாச்சியிலிருந்து நங்காஞ்சி ஆற்றின் போக்கில் மேலே ஏறும் வழியில் தொடங்குவது நல்லது.