வெலிங்டன் பாடத்திட்டமும் 'முறிந்த பனை'யும்

தேசப் பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போக, 1947இல் நீலகிரி வெலிங்டனில் உருவானது முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. இங்கே படித்து முடிக்கும் அதிகாரிகளுக்கு எம்.எஸ்ஸி. பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். எனவே இந்தப் பாடத்திட்டம் நாமும் வாசித்து விமர்சிக்க வேண்டிய ஒரு பிரதி.

1987 அக்டோபர் 11 இரவு இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் துருப்புகளை இறக்கியது. சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். உளவுப் பிசகு, அவசரம் என்று ராணுவ எழுத்துக்கள் காரணம் அடுக்குகின்றன. சரி. அதே மாதம் 21ஆம் தேதி யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்றார்களே, அது என்ன? ராணுவச் சொல்லாடலில் முதலாவது 'தோல்வி', ஆகவே பாடம். இரண்டாவது 'இடையில் அகப்பட்டோர்'. அதோடு பேச்சு முடிந்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்களிடம் இதைப் பேசினால், 'ஆபீசருக்கு அந்த ஊர்ப் பாஷையும் சனங்களையும் பத்திச் சொல்லிக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?' என்கிறார்கள். எனக்குச் சந்தேகம்தான். 2007இல் அமெரிக்க ராணுவம் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் மானிடவியலாளர்களையே கூட்டிக்கொண்டு போனது. அமெரிக்க மானிடவியல் சங்கம் எதிர்த்தது. சனங்களைப் பற்றிய அறிவு ஆக்கிரமிப்புக்கும் ஆயுதம்.

தேவை, சனங்களைப் பற்றிய தகவல் அல்ல. சனங்கள் சொல்லும் தீர்ப்பு. ஆஸ்பத்திரிக் கொலைகளைப் பதிவுசெய்த 'முறிந்த பனை' (1990), புலிகளையும் அமைதிப்படையையும் சேர்த்தே விசாரித்த நூல். எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர். 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நூலைக் கட்டாயப் பாடமாக வை, அப்புறம் பட்டத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று சென்னைப் பல்கலைக்கழகம் சொல்லட்டும்.