பூச்சி இருக்கிறது, ஊர் எங்கே?

கீழவாஞ்சூருக்குப் பூச்சி படமெடுக்க என்று யாரும் கிளம்பி வருவதில்லை. காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டிய கடற்கரைக் கிராமம் அது. 2009 முதல் இயங்கிவரும் தனியார் துறைமுகமும் அங்கே வந்திறங்கும் நிலக்கரியும்தான் வெளியூர்க்காரர்கள் அதைப் பற்றி அறிந்தவை. காவிரி டெல்டாவில், சிறு உயிர்களை மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். ஆனால் மேக்ரோ படக்கலையின் பலமும் குறையும் ஒருசேரத் தெரிய வேண்டுமானால், கீழவாஞ்சூர் போன்ற ஊரில்தான் அதை எடைபோட வேண்டும்.

பலத்தை முதலில் சொல்கிறேன். மணல்மேட்டில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் இந்தக் கரையில் ஓர் எருக்கஞ்செடி போதும். குருத்திலும் பூங்கொத்திலும் மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது வெறும் மஞ்சள் பொடி. லென்ஸை நெருக்கினால், தாய் அசுவினி முட்டையிடாமல் நேராகக் குட்டி ஈனுவது தெரியும். பக்கத்திலேயே பொறிவண்டின் புழு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வரும். இலையின் அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் கம்பளிப்புழு, கிளையில் நீலமும் மஞ்சளுமாக எருக்கு வெட்டுக்கிளி. யாரும் சீந்தாத ஒரு செடியில் இத்தனை வாழ்க்கை நடக்கிறது என்பதைக் கண்ணால் நம்பவைப்பதில் மேக்ரோ படத்துக்கு இணை இல்லை.

பூவரசு மரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தால் இன்னொரு அதிசயமும் வாய்க்கலாம். வரிசையில் போகும் செவ்வெறும்புகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடக்கும். அதே நிறம், அதே ஒடுங்கிய இடுப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால்கள்; முகத்தின் முன்னால் இரண்டு பெரிய கண்கள். முசுறைப் போல உருக்கொண்ட குதிக்கும் சிலந்தி அது. ஆணுக்கு முன்தாடை நீண்டு, இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோல் இருக்கும். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இந்த ஒரு படத்தைக் காட்டி எண்ணச் சொன்னால் போதும். பாடப்புத்தகத்தின் வகைப்பாட்டுப் பாடம் அதற்குப் பிறகு தானாக நடக்கும்.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் வளையம் சில நூறு ரூபாய்தான். ஏறக்குறைய 1:1 அளவுக்கு, அதாவது பூச்சியின் நிஜ அளவே கேமராவின் சென்சாரில் விழும்படி, பெரிதாக்கிவிடும். தை மாதப் பனியில், கடற்காற்று எழுவதற்கு முன்னால், பூச்சிகள் உடல் குளிர்ந்து அசையாமல் இருக்கும் அந்த விடியற்காலம் எந்தக் கருவியையும்விடப் பெரிய உதவி.

குறை, இதே நெருக்கத்தில்தான் தொடங்குகிறது. 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப்8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆழம் வேண்டி லென்ஸின் துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. ஃபிளாஷ் போட வேண்டும். ஃபிளாஷ் ஒளி பூச்சியோடு நின்றுவிடுவதால், பட்டப்பகலிலும் பின்னணி கருத்துப்போகிறது. எருக்கும் மணலும் காணாமல் போகின்றன. இது கருவியின் குறை மட்டும் என்றால் மன்னிக்கலாம். ரசனையே அப்படிப் பழகிவிட்டது என்பதுதான் என் மனக்குறை. சுத்தமான பின்னணி, சட்டம் நிறைந்த முகம், பனித்துளி என்று பாராட்டுக்கு ஒரு வாய்பாடு வந்துவிட்டது. பனி இல்லாவிட்டால் தண்ணீர் தெளிக்கிறார்கள். பல படங்களை ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்குவதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்கிறவர்களும் உண்டு. புகைப்படக் கலைஞர் லெவோன் பிஸ் 2016இல் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான படங்களை இணைத்தவை. அவை அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்த இறந்த பூச்சிகள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அது நேர்மை. உயிரோடு இருந்ததை உறையவைத்துவிட்டு, காட்டில் கண்டது என்று போடுவது ஏமாற்று.

படத்தால் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அளவுக்கு மீறிப் போய்விட்டது. மலேசியாவில் குவெக் ஹோக் பிங் எடுத்து இணையத்தில் போட்ட ஒரு கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தை, கலிபோர்னியாவில் பூச்சியியலாளர் ஷான் வின்டர்டன் தற்செயலாகப் பார்த்தார்; புதிய இனம் என்று சந்தேகித்தார். ஆனாலும் படமெடுத்தவர் திரும்பப் போய் ஒரு பூச்சியைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான், 2012இல் அதற்குப் பெயர் சூட்ட முடிந்தது. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் படங்களை மட்டும் வைத்துப் பெயரிட்டபோது வகைப்பாட்டியலாளர்களிடையே பெரும் சச்சரவே எழுந்தது.

நமக்குப் பக்கத்து உதாரணம் வயலில் இருக்கிறது. நெற்பயிரின் தண்டுத் துளைப்பான் முட்டைகளுக்குள் தன் முட்டையை இடும் டிரைக்கோகிரம்மா குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையை வாங்கி வயலில் கட்டிய விவசாயிகள் பலருக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. அந்த முகத்தை மேக்ரோ காட்டும். எந்த இனம் என்று மட்டும் காட்டாது. அதற்கு ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்பதை 1960களின் இறுதியில் நிறுவியவர்கள் பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும்.

இன்னும் ஒன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வயல்மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான், இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போவதாக உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபரில் வந்திறங்கும் கூட்டங்களைக் கவனித்து அவர் எட்டிய முடிவு அது. அந்தத் தட்டானின் கண்ணில் உள்ள அறுகோணங்களை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் இந்தச் செய்தி படத்தில் இல்லை. எங்கே, எந்த நாளில், எத்தனை என்ற குறிப்புகளில்தான் அது இருக்கிறது.

ஆகவே, கூர்மை குறைந்தாலும் செடியோடும் தேதியோடும் இடத்தோடும் நிற்கும் படத்தையே நான் உயர்ந்ததென்பேன். இந்த ஊரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. துறைமுகத்து நிலக்கரித் தூசு பற்றி இந்தச் சுற்றுவட்டார மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். மேக்ரோ எடுப்பவரோ தூசு படிந்த இலையை ஒதுக்கிவிட்டுப் பளிச்சென்ற இலையைத் தேடுகிறார், அல்லது கணினியில் தூசைத் துடைக்கிறார். எந்த இலையில் எது இன்னும் வாழ்கிறது, எது வருவதை நிறுத்திவிட்டது என்று வருடாவருடம் காட்டக்கூடிய சாட்சியைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறார்.

கீழவாஞ்சூரிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நாகூரிலும் கேமராவோ, கைப்பேசியில் ஒட்டும் சிறு லென்ஸோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகத்தை எடுத்த பிறகு இரண்டடி பின்னால் வந்து, செடி முழுவதும் தெரிய இன்னொரு படம் எடுங்கள். தூசு இருந்தால் இருக்கட்டும். தேதியும் செடியின் பெயரும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலோ இந்திய பல்லுயிர்த் தளத்திலோ ஏற்றுங்கள். அடுத்த தையில் அதே செடிக்குத் திரும்பப் போங்கள்.